பாறக்குழியா, கொறங்காடா? நம்ம பக்கம் ஒரு கலைக்கூடம் கட்டறதுன்னா எங்க, எப்படி கட்டறது

கொழுக்கட்டைப்புல்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க. காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவால சொந்தக்காரங்க சிநேகிதங்கன்னு கொஞ்சப்பேரு சேந்து சின்னதா ஒரு ஆர்ட் மியூசியம் கட்டலாம்னு இருக்கறமுங்க. வைக்கறதுக்கு சாமான் இருக்குது, திருமுருகன்பூண்டியில செதுக்குன கல்சிலைங்க, கோயில் மண் உருவாரம், பழைய பவானி ஜமக்காளம், நம்ம பக்கத்து ஓவியருங்க வரஞ்ச வாட்டர்கலரும் ஆயிலும். எடம்தான் முடிவாகல.

ரெண்டு எடம் கையில இருக்குது. ஒண்ணு எங்க அப்பாரு காலத்துல இருந்து மேச்சலுக்கு உட்ட கொறங்காடு, சுத்தியும் கிளுவ வேலி, உள்ள நல்ல வெள்வேல மரங்க, ஊதியூர் மலை தெளிவா தெரியும். இன்னொண்ணு அங்க போற இட்டேறியில (ரெண்டு பக்கமும் வேலி இருக்கற வண்டித்தடம்) கொஞ்சம் தள்ளி, கல்லு எடுத்து உட்டுப்போட்ட பாறக்குழி, அதுவும் பட்டா நெலம்தான். குழிக்கு அடியில தண்ணி, மேல ரெண்டு பக்கம் தோண்டிக் கொட்டுன மண்மேடு. எங்காளுங்க எல்லாரும் கொறங்காட்டையே கை காட்டறாங்க, எயற்கையோட ஒட்டி இருக்கும்னு. எனக்கு மனசு ஒப்பல, ஆனா ஏன்னு சொல்லத் தெரியல. கட்டடம் எப்படி இருக்கோணும்னும் சண்டை, ஒரு பக்கம் முழுக் கண்ணாடி வேணும்ங்கறாங்க, இன்னொரு பக்கம் நடுவால முத்தம் உட்ட தொட்டிக்கட்டு ஊடு மாதிரி ஓடு போட்டுக் கட்டுங்கறாங்க. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஊதியூரான்:
இதுல யோசிக்க என்னங்க இருக்குது, கொறங்காடுதான். மலை தெரியற எடம், மரம் இருக்குற எடம், அத உட்டுட்டு குழிக்குள்ள போயி யாரு கட்டுவாங்க. தொட்டிக்கட்டு ஊடே கட்டுங்க, கீழடியில 2023ல தொறந்த மியூசியத்த செட்டிநாட்டு பாணியில கட்டி எவ்வளவு நல்லா இருக்குது, வர்ற சனம் பூரா நின்னு பாக்குது. நம்ம ஊரு பாணி நம்ம ஊருல இருக்கோணும்.

வடக்குவெளிச்சம்:
நான் கோயமுத்தூர்ல ஆர்க்கிடெக்டா இருக்கேன், இந்தக் கேள்விய இவ்வளவு தெளிவா யாரும் கேட்டு நான் பாத்ததில்ல. பாணி கடைசில பேசலாங்க. முதல்ல எடம். ஒரு கட்டடம் நெலத்தோட ஒத்துப்போகுதாங்கறது அது பாக்க எப்படி இருக்குங்கறதுல பாதிகூட இல்ல, அது வர்றதுக்கு முன்னாடி அந்த நெலத்துல தண்ணி எப்படி ஓடுச்சு, காத்து எப்படி வந்துச்சு, யாரு மேஞ்சாங்க, அதெல்லாம் அது வந்த அப்பறமும் நடக்குதாங்கறதுதான் கணக்கு. ஓட்டுக்கூரை போட்டு திண்ணை வெச்சு கட்டிட்டு, அதுக்காக காட்ட லெவல் பண்ணி மழைத்தண்ணி போற வாரிய மூடிட்டா அங்க ஒத்துப்போக என்ன மிச்சம் இருக்கு?

ரெண்டு எடத்த சொல்றேன். டென்மார்க்குல கோபன்ஹேகனுக்கு வடக்க கடலோரத்துல லூசியானான்னு ஒரு மியூசியம், 1958ல தொறந்தது, யோர்கன் போ, வில்ஹெல்ம் வோலர்ட்னு ரெண்டு பேரு டிசைன் பண்ணுனது. அங்க முன்னாலயே ஒரு பழைய வீடும் பெரிய மரங்களும் ஏரியும் இருந்துச்சு. அவங்க ஒரே பெரிய கட்டடமா தூக்கி நிறுத்தல, தாழ்வா நீளமா கண்ணாடி நடைபாதை போட்டு, மரத்துக்கு வழிவிட்டு திரும்பித் திரும்பி கொண்டு போனாங்க. ஜியாகோமெட்டிங்கற சிற்பியோட ஒல்லியான சிலைங்க நிக்கிற ரூம்ல பெரிய கண்ணாடி, அதுக்கு வெளிய ஏரி. இன்னொண்ணு நம்ம நாட்டுலயே, போபால்ல சார்லஸ் கொரியா கட்டுன பாரத் பவன், 1982. பெரிய ஏரிக்கு மேல ஒரு சரிவு. ரோட்டுப் பக்கம் இருந்து பாத்தா கட்டடம்னு பெருசா ஒண்ணும் கண்ணுல படாது, மொட்டமாடியும் படியும்தான். எறங்க எறங்க முத்தம் முத்தமா வரும், காலரிங்க முத்தத்தப் பாத்து தொறக்கும், வெளிச்சம் மேல இருந்து எறங்கும். கண்ணாடி வேணும்ங்கறவங்களுக்கு இதுலயே பதில் இருக்குங்க, டென்மார்க் வெயில் சாஞ்ச வெயில், அங்க கண்ணாடி வேணும். காங்கயத்துல மேக்க பாத்து கண்ணாடி வெச்சா சித்திரையில உள்ள நிக்க முடியாது, நீங்க ஏசிக்குத்தான் மியூசியம் நடத்துவீங்க.

கொறங்காட்டப் பத்தி என்னைவிட அங்க மாடு மேய்க்கறவங்க சொல்லட்டும்.

கெடாய்ப்பட்டி அம்மணி:
சொல்றனுங்க. எங்களுதும் கொறங்காடுதான். டவுனுக்காரங்க கண்ணுக்கு அது சும்மா கெடக்குற காடு. சும்மா ஒண்ணும் கெடக்கலீங்க. கொழுக்கட்டைப்புல்லு ஒரு மழைக்கு தளுக்கும், அப்பறம் காஞ்சு நின்னாலும் மாடு மேயும், அதுனாலதான் காங்கயம் மாடு இந்த மழையில்லாத சீமையில நிக்குது. வெள்வேலங்காய் உதுந்தா ஆட்டுக்குத் தீனி, கோடையில அதுதான் காப்பாத்தும். கிளுவ வேலிக்குள்ள கைய உட்டுப் பாத்தா தெரியும், கோவைக்கொடி, பிரண்டை, ஓணான், குருவிக்கூடு, ஒரு சாண் எடம் சும்மா இருக்காது. ஜேசிபிய ஒருக்கா உட்டு லெவல் பண்ணிப் பாருங்க, அடுத்த மழைக்கு அங்க வர்றது பார்த்தீனியந்தான், கொழுக்கட்டை வராது. மேல இருக்கற மண்ணு போயிருச்சுன்னா திரும்பி புடிக்க வெகுநாளாகும்.

அதுனால புல்லு தம்பி, உங்க மனசு ஒப்பலன்னா அது சரியாத்தான் சொல்லுது. கொறங்காடு உசுரோட இருக்கட்டும். இன்னொண்ணு, அந்த டென்மார்க்குல கண்ணாடி நடைபாதை போட்டாங்கன்னு சொன்னாரே, நம்மகிட்ட இட்டேறி இருக்குதே சாமி. ரெண்டு பக்கமும் கிளுவ வேலி, நடுவால ஆளும் வண்டியும் போற தடம், ரெண்டு பக்கத்துக் காட்டவிட கொஞ்சம் பள்ளமா இருக்கும், காத்தடிக்காது, வெயில் ஏறுனாலும் ஒரு ஓரம் நெழலு இருக்கும். மழை பேஞ்சா தண்ணியும் அதுலதான் போவும். சனத்த அதுலயே நடக்க உடுங்க. அதுக்கு தார் ரோடு போட்டுறாதீங்க.

வடக்குவெளிச்சம்:
அக்கா, இட்டேறி! பல வருசமா இந்தப் பக்கம் போய் வந்தும் எனக்கு தோணாத விசயம். இத நான் அப்படியே டிராயிங்ல போடப் போறேன்.

ஊதியூரான்:
சரிங்க, கொறங்காடு வேண்டாம்னே வெச்சுக்குவோம். பாறக்குழி ஆபத்தில்லீங்களா? நம்ம பக்கம் பாறக்குழின்னாலே குப்பை கொட்டற எடம், இல்லாட்டி பசங்க குளிக்கப் போயி உழுந்து சாகற எடம். அங்க கொழந்தைங்கள கூட்டிட்டு யாரு வருவா.

உளிச்சத்தம்:
நான் பூண்டியில சிற்பக்கூடத்துல வேலை செய்யறவன், கல்லுக்காக குழி குழியா அலஞ்சவன். ஆபத்து உண்டுதான், அத மறைக்க வேண்டாம். ஆனா எந்தக் குழி ஆபத்து எது இல்லைங்கறத கண்டுபுடிக்கலாம். வெடிமருந்து வெச்சு ஒடச்ச பாறை மொகத்துல பாத்தீங்கன்னா மருந்து அடைக்க துளை போட்ட தடம் வரிசையா மேல இருந்து கீழ வரைக்கும் அரைக்குழாயா நிக்கும். அந்த அரைக்குழா முழுசா சுத்தமா இருந்துச்சுன்னா பின்னால பாறை கட்டுக்கோப்பா இருக்குதுன்னு அர்த்தம். தடமே இல்லாம செதறிப்போயி, குறுக்க நெடுக்க விரிசலா இருந்தா அந்தப் பக்கம் மருந்து எச்சா போட்டுட்டாங்க, அங்க ஆள நிறுத்தக்கூடாது. அப்பறம் சுத்தியல எடுத்து தட்டோணும். நல்ல பாறை கணீர்னு பேசும், உள்ள வெடிச்சது கீறல் விட்ட பானைய தட்டுன மாதிரி டொக்குன்னு சொல்லும். ஒவ்வொரு அடிக்கும் தட்டி, டொக்குன்னு சொல்றத எல்லாம் சுண்ணாம்புல குறி போட்டு, தொங்குற கல்ல மேல இருந்து அடிச்சு எறக்கிட்டுத்தான் கீழ யாரும் போகோணும். இதுக்கு மேல சுரங்க எஞ்சினியர் ஒருத்தரும் பாத்து எழுதிக் கொடுக்கோணும்.

மழை முடிஞ்சப்பறம் போயி ஓரம்பு (பாறையில ஊறற தண்ணி) எங்க கசியுதுன்னும் பாருங்க. வருசம் பூரா ஈரமா இருக்குற எடத்துல பாசம் படிஞ்சு கறுப்பா கோடு எறங்கி இருக்கும். அந்தக் கோட்டுக்கு அடியில சொவரு கட்டுனா சொவரு போச்சு.

இன்னொரு வேண்டுகோளுங்க. அந்தக் குழியில எடுத்த கல்லுல தேறாததுன்னு ஒதுக்கிப்போட்ட துண்டுக்கல்லு சுத்தியும் மலையாட்டம் கெடக்கும். சொவத்துக்கு வெளிய இருந்து ஒரு லோடு கூட கொண்டுவராதீங்க. அதையே அடுக்கி சுண்ணாம்புல கட்டுனா போதும். நம்ம சுக்கான்கல்லு சுண்ணாம்பு கடுக்காய்த் தண்ணி ஊத்தி அரைச்சா எத்தன தலைமொறைக்கும் நிக்கும், கையெடுத்துக் கும்புட்டு சொல்றேன்.

பழுப்பேறிய தாள்:
வணக்கம். நான் பழைய ஓவியம், துணி, ஏடு இதையெல்லாம் பாதுகாக்கற வேலைல இருக்கேன், ஈரோடு பக்கம். கட்டடத்தப் பத்தி நல்லா பேசுறீங்க, உள்ள இருக்கப்போற பொருளுக்காக நான் பேசணும்.

முதல்ல வெளிச்சம். வாட்டர்கலர், துணி, காகிதம் இதுக்கெல்லாம் 50 லக்ஸ்தான் (லக்ஸ்ங்கறது வெளிச்சத்த அளக்கற அலகு) வழக்கமான அளவு, ஆயில் பெயிண்டிங்குக்கு 200 வரைக்கும் போகலாம், கல்லுக்கும் சுட்ட மண்ணுக்கும் வெளிச்சத்தால ஒண்ணும் ஆகாது. நம்ம ஊர் உச்சி வெயில் வெளிய ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். இப்ப யோசிங்க, ஒரு லட்சத்துல நடந்து வர்ற ஒருத்தர நேரா 50 லக்ஸ் ரூமுக்குள்ள விட்டா அவருக்கு கொஞ்ச நேரம் ஒண்ணுமே தெரியாது, “இருட்டா இருக்கு லைட்ட போடுங்க”ன்னுதான் சொல்வாரு, நாமளும் போடுவோம், ஜமக்காளத்தோட சாயம் வெளுக்கும். ஒரு தடவ வெளுத்தா திரும்பாது. அதனால படிப்படியா இருட்டாக்கணும். அந்த அக்கா சொன்ன இட்டேறி நெழல், அப்பறம் தாழ்வாரம், அப்பறம் கல்சிலைங்க இருக்கற திறந்த ஆசாரம் (கூடம்), அப்பறம் ஆயில், கடைசில துணியும் காகிதமும். கொங்கு வீட்டுல வெளியாசாரத்துல இருந்து உள்ள போகப் போக வெளிச்சம் கொறையறது இதே முறைதான்.

ரெண்டாவது, குழிக்குள்ள கட்டுனா குளுகுளுன்னு இருக்கும்னு நெனைச்சா அது பாதி உண்மை. பூமிக்கடியில கொஞ்சம் ஆழம் போனா சூடு ஏறாம எறங்காம ஒரே மாதிரி இருக்கும், ஆனா அந்த ஒரே மாதிரிங்கறது ஊரோட வருச சராசரி. நம்ம சமவெளில அது 27 டிகிரி பக்கம். மியூசியங்க இப்ப ஏத்துக்கற அளவு 16ல இருந்து 25 டிகிரி, ஈரப்பதம் 40ல இருந்து 60 சதவீதம். முன்ன மாதிரி எல்லா ரூமும் ஒரே டிகிரில நிக்கணும்னு யாரும் கட்டாயப்படுத்தறதில்ல, திடீர்னு ஏறி எறங்காம இருந்தா போதும்ங்கறாங்க. நம்ம சேகரிப்புல முக்காவாசி கல்லும் மண்ணும், அதுக்கு ஏசியே வேண்டாம். காகிதத்துக்கும் துணிக்கும் மட்டும் ஒரு சின்ன ரூம், அதுவும் ரூமுக்குள்ள ரூமா, கனமான சுவரோட. அது தண்ணிக்குப் பக்கத்துல, குழிக்குள்ள இருக்கவே கூடாது. ஐப்பசில ஈரம் ஏறுச்சுன்னா பூஞ்சைதான்.

வடக்குவெளிச்சம்:
பிரமாதம். இதுல ஒண்ணு சேக்கறேன், ஏன்னா எல்லா புத்தகத்துலயும் ஓவியத்துக்கு வடக்கு வெளிச்சம் நல்லதுன்னு போட்டிருக்கும். (என் பேரே அதுதான்.) அது ஐரோப்பாவுக்கு எழுதுனது. நாம பூமத்திய ரேகைக்கு வடக்க 11 டிகிரில இருக்கோம். ஏப்ரல் மூணாவது வாரத்துல இருந்து ஆகஸ்ட் நாலாவது வாரம் வரைக்கும் உச்சிப்பொழுது சூரியன் நம்ம தலைக்கு வடக்கதான் நிக்கும், காலைலயும் சாயந்தரமும் இன்னும் வடக்க சாஞ்சு வரும். வருசத்துல மூணுல ஒரு பங்கு வடக்கு ஜன்னல்ல உச்சிப்பொழுதுலயும் நேர் வெயில் விழும். உச்சி வெயில தடுக்கறது சுலபம், ஜூன் 21ல கூட தலைக்கு நேர் மேல இருந்து 12 டிகிரி சொச்சம்தான் சாயும், ஒரு மீட்டர் ஒசர ஜன்னலுக்கு ஒரு அடி எறவாரம் போதும். காலை வெயிலுக்கு ஜன்னலுக்கு ரெண்டு பக்கமும் நெட்டுவாக்குல கல்லு நீட்டணும். இத விட்டுட்டு ஃபாரின் ஸ்கைலைட்ட காப்பியடிச்சா வாட்டர்கலர் கதி அவ்வளவுதான்.

அப்பறம் காத்து. பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற ஆடிக்காத்து இங்க மேக்க இருந்து புழுதிய அள்ளிட்டு வரும். மேக்க கதவே கூடாது. குழில தோண்டிக் கொட்டுன அந்த மண்மேடு எந்தப் பக்கம் இருக்குங்க?

கொழுக்கட்டைப்புல்:
மேக்காலயும் தெக்காலயும் இருக்குதுங்க அண்ணா. கெழக்கால கல்லு அடுக்கி லாரி ஏத்துன களம், அது தட்டையா கெட்டியா கெடக்குது, அங்க புல்லு கூட சரியா மொளைக்கறதில்ல. வடக்கால இட்டேறி வந்து சேருது.

வடக்குவெளிச்சம்:
அப்ப அந்தக் களம்தாங்க உங்க எடம்! குழியும் இல்ல, கொறங்காடும் இல்ல. லாரி மிதிச்சு ஏற்கெனவே செத்துப்போன தரை, அதுல அஸ்திவாரம் போட்டா யாருக்கும் நட்டமில்ல. மேக்க மண்மேடு காத்தையும் சாயந்தர வெயிலையும் தடுக்கும், அதக் கரைக்காதீங்க, அது மேல புல்லு விதைங்க. குழிக்குள்ள கட்டடமே வேண்டாம், பாறை மொகத்தையும் தண்ணியையும் பாக்கறதுக்கு ஆசாரத்துல இருந்து ஒரு திறப்பு, பத்திரமான பக்கத்துல கைப்பிடி வெச்சு ஒரு எறக்கம், அவ்வளவுதான். ரூம்ங்க ஒத்தத் தட்டு, தனித்தனியா, நடுவுல முத்தம்.

பூமிக்கடியில கட்டறதே தப்புன்னு நான் சொல்லல. ஜப்பான்ல நவோஷிமா தீவுல ததாவோ ஆண்டோ 2004ல சிச்சூ மியூசியத்த ஏறக்குறைய முழுசா மண்ணுக்கடியில வெச்சாரு, மேல இருந்து பாத்தா குன்றுல சதுரமும் முக்கோணமுமா சில திறப்பு மட்டும்தான் தெரியும், மோனேங்கற ஓவியரோட அல்லிக்குள ஓவியங்கள சூரிய வெளிச்சத்துலயேதான் பாக்கணும், மேகம் போனா ரூமும் மங்கும். தீவோட கடல் காட்சிய கெடுக்கக்கூடாதுன்னு அங்க அது சரி. நம்ம குழில ஓரம்பு இருக்கு, கருங்கல் பாறைக்குள்ள மூடுன ரூம்னா ரேடான்னு பாறைல இருந்து கசியற கதிரியக்க வாயு சேராம காத்தோட்டம் வேற பாக்கணும். இங்க அது வேண்டாத செலவு.

கொம்பன்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கோணும். பறவை பாக்கறவன். பழைய பாறக்குழிய எல்லாரும் செத்த எடம்னு பேசறோம், ஆனா உட்டுப்போட்டு பல வருசமான குழியில கொம்பன் ஆந்தை கூடு வெக்கும். கூடுன்னு கூட ஒண்ணும் கட்டாது, பாறைத் திட்டுல வெறும் தரையிலயே முட்டை போடும். பனிக்காலம் தொடங்கி கோடை வரைக்கும் அதோட காலம். அந்த நேரத்துல மொகத்துல சுத்தியல் தட்டுனா முட்டைய உட்டுட்டு போயிரும். உளிச்சத்தம் அண்ணன் சொன்ன வேலைய எல்லாம் ஆவணி புரட்டாசிக்குள்ள முடிங்க. அதுக்கு முன்னாடி யாராவது பொழுது உழுகற நேரத்துக்கு போயி உக்காந்து பாருங்க, இருந்துச்சுன்னா கூப்புடற சத்தம் கேட்கும், திட்டுல வெள்ளையா எச்சமும் அடியில எலி எலும்பும் கெடக்கும். இருந்தா அந்த மொகத்தை ஆளில்லாம உட்டுருங்க, எறக்கத்த எதிர்ப்பக்கம் வெச்சுக்கலாம்.

ராத்திரி லைட்டும் வேண்டாமுங்க. பாறைய கலர் லைட்டுல காட்டறது இப்ப எல்லா எடத்துலயும் வந்துருச்சு.

கெடாய்ப்பட்டி அம்மணி:
ஆமாங்க, பொழுதோட மூடிருங்க. லைட் போட்டா பூச்சி பூரா அங்க போயி சாவும்.

பழுப்பேறிய தாள்:
பொருளுக்கும் அதுதான் நல்லது, மூடியிருக்கற நேரத்துல இருட்டா இருந்தா அந்த அளவுக்கு ஆயுசு கூடும். ஜெர்மனில ஹோம்ப்ரோய்க்னு ஒரு எடம், 1987ல தொறந்தது, புல்வெளில செங்கல் கூடங்க செதறி நிக்கும், உள்ள லைட்டும் இல்ல, ஓவியத்துக்குப் பக்கத்துல பேர் எழுதுன அட்டையும் இல்ல, பகல் வெளிச்சத்துல வந்து பாத்துட்டு போகணும்.

ஊதியூரான்:
எல்லாம் சரிங்க, பஸ்ஸும் காரும் எங்க நிக்கும்? சனம் வராம மியூசியம் எதுக்கு. இட்டேறியில கார உட்டா கிளுவ வேலி போச்சு, களத்துல நிறுத்துனா கட்டடத்துக்கு எடமில்ல. வயசானவங்க அவ்வளவு தூரம் நடப்பாங்களா?

வடக்குவெளிச்சம்:
நல்ல கேள்வி, நெறைய எடம் இதுலதான் கெட்டுப்போகுது. கட்டடத்த பாத்துப் பாத்து கட்டிட்டு முன்னால தார் போட்டு ஒரு ஏக்கர் பார்க்கிங். வண்டிய தார் ரோட்டோரமே நிறுத்தணும், அங்க இருந்து நடைதான். ஜப்பான்ல மிஹோ மியூசியத்துல, ஐ. எம். பெய் 1997ல கட்டுனது, வண்டிய விட்டு எறங்கி மலைக்குள்ள ஒரு சுரங்கப்பாதை, அப்பறம் பள்ளத்தாக்கு மேல ஒரு பாலம், அதத் தாண்டித்தான் வாசல். முடியாதவங்களுக்கு சின்ன பேட்டரி வண்டி. நம்மளுக்கும் அதே போதும், இட்டேறில ஒரு பேட்டரி வண்டி போக எடமிருக்கு.

தண்ணி பாக்கணுங்க. களத்துல கூரை வந்தா மழைத்தண்ணி வேகமா ஓடும், அத குழிக்குள்ள விடறதா, இட்டேறி வழியா கீழ்க்காட்டுக்கு விடறதான்னு முடிவு பண்ணணும். என்னோட ஓட்டு பாதிப் பாதி. குழில போன மழைத் தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சுன்னு பாறைல கறை இருக்கும், அந்த மட்டத்துல இருந்துதான் எல்லா லெவலும் போடணும்.

உளிச்சத்தம்:
வாசல்ல ஒரு கல்லு நிறுத்துங்க, அந்தக் குழியில எடுத்த கல்லாவே. நான் செதுக்கிக் குடுக்கறேன், கூலி வேண்டாம். மருந்துக்கு துளை போட்ட தடம் ஒரு பக்கம் அப்படியே இருக்கட்டும், அத நான் தொடமாட்டேன்.

கொழுக்கட்டைப்புல்:
கண்ணு கலங்குதுங்க, சத்தியமா. இத பூரா பிரிண்ட் எடுத்து ஊட்டுல எல்லாத்துக்கும் படிச்சுக் காட்டுனேன். கொறங்காட்டுல கட்டோணும்னு நின்ன மாமாவே களம்னா செரிதான்னுட்டாரு, ஒரே ஒரு கண்டிசன், கொறங்காட்டுல இப்ப மேயற மாடு எப்பவும் மேயோணும், மியூசியத்துக்கு வர்றவங்க வேலிக்கு இந்தப்பக்கம் நின்னு பாக்கட்டும்ங்கறாரு. அத பத்திரத்துலயே எழுதி வெச்சரலாம்னு இருக்கறம். இட்டேறியில வேலி அத்துப்போன எடத்துல எல்லாம் மழைக்கு முன்னாடி கிளுவப் போத்து (வெட்டி நடற கெளை) நடறோம், அம்மணி அக்கா போத்து குடுக்கறீங்களா?

ஓட்டுக்கூரையா மொட்டமாடியாங்கறது இன்னும் முடிவாகல. எனக்கு மண்மேட்டுக்கு மேல தெரியாத ஒசரத்துல ஓடு போடலாம்னு இருக்குது, வடக்குவெளிச்சம் அண்ணன் வந்து பாத்துட்டு சொல்லட்டும். இப்போதைக்கு வேண்டியது சர்வே. குழி ஓரம், களம், இட்டேறி மூணையும் சேத்து லெவல் எடுக்கோணும், யாருகிட்டயாவது டோட்டல் ஸ்டேஷன் (லெவல் எடுக்கற சர்வே கருவி) இருக்குதுங்களா?

கெடாய்ப்பட்டி அம்மணி:
போத்து எவ்வளவு வேணுமோ வந்து வெட்டிக்குங்க. விரல் கனத்துக்கு மேல இருக்கறதா பாத்து எடுங்க.

நொய்யல்கரை:
இது வரைக்கும் படிச்சுட்டு மட்டும் இருந்தனுங்க. டோட்டல் ஸ்டேஷன் எங்கிட்ட இருக்குது, பெருந்துறையில இருக்கறேன். ஞாயித்துக்கெழமை காலையில வெயில் ஏறறதுக்குள்ள வந்தர்றேன், ஸ்டாஃப் (அளவுக்கோல்) புடிக்க ரெண்டு ஆளு மட்டும் ரெடி பண்ணி வைங்க. மொதல்ல அந்தத் தண்ணிக்கறையில இருந்தே ஆரம்பிக்கலாம்.